பெயர் ஏற்கெனவே வைத்தாயிற்று

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மகனுக்கு 3 வயது 4 மாதம். ஒன்றரை வயதில் அம்மா, பூச்சை, வண்டி என்று ஏழெட்டு வார்த்தை சொன்னான். இரண்டு வயதுக்குள் எல்லாம் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பிஸ்கட் கவர் சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். குக்கர் மூடியைத் தரையில் சுற்றிவிட்டு மணிக்கணக்கில் பார்க்கிறான். செண்டை மேளம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். செவிடு என்கிறார்கள், அடங்காதவன் என்கிறார்கள். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள். இப்போது எழுதினது பாதியில் நிற்கிறது, பேனாவும் குடையும் வாரம் ஒன்று தொலைகிறது. டீச்சர் திமிர் என்கிறார், டியூஷன் சார் சோம்பேறி என்கிறார், வீட்டில் மறதிக்காரி, கனா கண்டுகிட்டு நிக்கிறவ. படம் வரைய உட்கார்ந்தால் மட்டும் மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். யூடியூப் பார்த்துப் பார்த்து எனக்கே தலை சுற்றுகிறது. மொபைல் கொடுத்ததால் வந்ததா? ஸ்டெம்செல் வைத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோ வந்தது, நம்பலாமா? மாமியார், "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான். பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கினா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இன்ன நோய்னு பேர் வச்சிட்டா அப்புறம் மாத்த முடியாதே, டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் பென்சில் வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளைகளை மற்றவர்கள் எப்படியெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று கோடு போட்டேன். மகளுக்குத் திமிர், சோம்பேறி, மறதிக்காரி, கனா காண்கிறவள். மகனுக்குச் செவிடு, அடங்காதவன். ஆக ஆறு பெயர். ஒன்றுகூட மருத்துவர் வைத்ததில்லை. ஊரும் பள்ளிக்கூடமும் வீடும் சேர்ந்து வைத்தவை. பெயர் வைத்துவிட்டால் மாற்ற முடியாதே என்று பயப்படுகிறீர்கள். பெயர் ஏற்கெனவே வைத்தாயிற்று சகோதரி. அந்த ஆறும் அப்படியே இருக்கட்டுமா, இல்லை என்ன உதவி வேண்டும் என்று சொல்லுகிற ஒரு பெயரைத் தேடுவோமா என்பதுதான் இனி நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

மகனுக்கு ஆட்டிசமா (பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை), மகளுக்கு ஏ.டி.எச்.டி.யா (கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத நிலை) என்று பார்க்க வேண்டும். ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து எந்தப் பிள்ளைக்கும் இன்னது என்று நான் எழுதித் தர மாட்டேன். நேரில் பார்க்க வேண்டும், விளையாடிப் பார்க்க வேண்டும். எது அவசரம், எது கொஞ்சம் பொறுக்கும் என்று மட்டும் சொல்ல முடியும். மகன் விஷயம் அவசரம். மகளுக்கு அவசரம் இல்லை, ஆனால் அவள் அதிக நாள் காத்திருந்துவிட்டாள்.

மகனிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது குக்கர் மூடி இல்லை. இருந்த வார்த்தைகள் நின்றுபோயின என்ற ஒரு வரிதான். எந்த வயதானாலும், பேசிய பேச்சைப் பிள்ளை இழந்தால் அதற்கு 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற மருத்துவம் கிடையாது. மாமியார் சொல்வதுபோல நாலு வயதில் பேசிய அப்பாக்கள் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். அப்படித் தாமதமாகப் பேசும் பிள்ளையை வீட்டிலேயே அடையாளம் காணலாம். மதில்மேல் காக்கா வந்து உட்கார்ந்தால், ஒரு சொல்லும் வராத ஒன்றரை வயதுப் பிள்ளை விரலை நீட்டும். நீட்டிவிட்டு, அம்மா பார்த்தாளா என்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். காக்காவை எடுத்துத் தா என்று அது கேட்கவில்லை. தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விரலும் அந்தத் திரும்பிப் பார்த்தலும் இருந்தால் பேச்சு பின்னால் வரும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். உங்கள் மகன் இப்படி எதையாவது காட்டியிருக்கிறானா? கடிதத்தில் அது இல்லை. இன்று சாயங்காலம் கவனித்துப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு வயதுப் பையனோடு வந்த ஒரு தாயிடம், "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான், பள்ளிக்கூடம் போனா சரியாகும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்னை நம்பினார். பையன் ஐந்து வயதில் மறுபடி வந்தான். எங்களில் பலருக்கு அன்று இது சரியாகத் தெரியாது என்பது உண்மைதான். அந்த மூன்று வருடம் போனது போனதுதான்.

முதல் வேலை, காது. பிஸ்கட் கவர் சத்தம் கேட்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சில சத்தங்கள் நன்றாகவும் சில மங்கலாகவும் கேட்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களும் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். பெரா என்ற சோதனையில் பிள்ளை தூங்கும்போதே காது கேட்கும் திறனை அளந்துவிடலாம். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். அதே நாளில் குழந்தைகள் பிரிவுக்கும் போய், வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். டி.இ.ஐ.சி. என்றால் அங்கே உடனே புரியும். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தில் (சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே.) வருகிற மையம் அது. அங்கன்வாடிக்கு ஆர்.பி.எஸ்.கே. குழு வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். மகனை அங்கன்வாடியில் சேர்க்கவில்லை என்றாலும் அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் திருவனந்தபுரமும் தூரமில்லை. ஆக்குளத்தில் நிஷ் என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, காதும் பேச்சும் ஆட்டிசமும் ஒரே வளாகத்தில் பார்ப்பார்கள்.

எங்கே போனாலும் முறை வர நாளாகும். சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் பயிற்சி என்று எந்தச் சட்டமும் இல்லை. பேச்சுப் பயிற்சியையும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிப் பயிற்சியையும் (ஆக்குபேஷனல் தெரபி) உடனே கேளுங்கள். வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம். மூடியைப் பிடுங்காதீர்கள். நீங்களும் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சுற்றுங்கள். அவன் உங்கள் மூடியைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில் 'சுத்து' என்று ஒரே ஒரு சொல். அடுத்த முறை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பார்த்தாலும் சரி, கையைத் தொட்டாலும் சரி, உ என்று ஒரு சத்தம் போட்டாலும் சரி, அது அவன் பேசியதாக வைத்துக்கொண்டு சுற்றிவிடுங்கள். மட்டிப்பழம் பிடிக்கும் என்றால் முழுப் பழத்தையும் உரித்துக் கையில் கொடுக்காமல், ஒரு துண்டு கொடுத்துவிட்டு அடுத்த துண்டோடு காத்திருங்கள். நம் வீடுகளில் பிள்ளை கேட்பதற்கு முன்பே வாயில் ஊட்டிவிடுகிறோம், கேட்க அதற்கு வாய்ப்பே வைப்பதில்லை. இதெல்லாம் சின்ன விஷயம்போலத் தோன்றும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சிறப்பு நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு இந்த மாதிரி விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், பெற்றோர் பிள்ளையின் போக்கைப் பிடித்துப் பேசவும், பிள்ளைகள் தாமாகவே பேச்சைத் தொடங்கவும் கற்றது தெரிந்தது. பெரிய நகரமும் கண்ணாடிக் கதவு போட்ட சென்டரும் இருந்தால்தான் முடியும் என்ற பேச்சு பாதி வியாபாரம்.

அப்புறம், பயிற்சிக்குப் போகும் இடத்தில் யாராவது 'வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பிள்ளை குழம்பிடும்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நம் மேற்குப் பகுதி வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு கெட்டுப்போவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எந்த மொழியில் பிள்ளையைத் தாலாட்டுகிறீர்களோ, எந்த மொழியில் திட்டுகிறீர்களோ, அந்த மொழியில் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் கதவு திறந்திருந்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீர் என்றால் காந்தம் மாதிரி. பளபளப்பதும் சுழல்வதும் பிடிக்கும் பிள்ளைக்குக் குளத்தைவிட வேறென்ன வேண்டும்? வெளிநாட்டு ஆய்வுகளில் இந்தப் பிள்ளைகளின் விபத்து மரணங்களில் நீரில் மூழ்குவதுதான் முன்னால் நிற்கிறது. நம் மாவட்டத்திலோ குளமும் கால்வாயும் கிணறும் இல்லாத ஊரே இல்லை. இந்த வாரமே வாசல் கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பின்கதவை மறக்காதீர்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் தாழ்வாக இருந்தால் வலை போடுங்கள். அவனைக் காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டிய இடம் உறவினர் வீடு இல்லை, பக்கத்துக் குளம். கொஞ்சம் வளர்ந்ததும் நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

இப்போது சொல்லுங்கள், ஊருக்குச் சொல்வதா, மறைப்பதா? பக்கத்து வீட்டு அக்காவுக்கும், முக்கில் டீக்கடை வைத்திருப்பவருக்கும், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரருக்கும் தெரியவில்லை என்றால், அவன் தனியாகக் குளத்துப் பக்கம் நடந்து போகும்போது 'சேட்டைக்காரப் பய' என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நீளமாக விளக்கம் வேண்டாம். "என் மவனுக்கு ஆட்டிசம். கூப்பிட்டா திரும்ப மாட்டான், பேர் கேட்டா சொல்லத் தெரியாது. தனியா எங்க நின்னாலும் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, சத்தம் மட்டும் போடாதீங்க." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். மருத்துவர் இன்னும் உறுதி செய்யாத இந்த நாட்களில், 'ஆட்டிசம்' என்ற இடத்தில் 'பேச்சு வரலை' என்று போட்டுக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் மாதிரி இதுவும் ஒரு காவல்தான்.

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒன்று. நம் அரசு படிவங்களில் ஆட்டிசத்தைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும்போது மனம் வலிக்கும், போட்டுவிடுங்கள், சலுகை முக்கியம். ஆனால் அதை நம்பிவிடாதீர்கள். அடுத்த அறையிலிருந்து பிஸ்கட் கவரைக் கண்டுபிடிக்கிறவனுக்குப் புற உலகம் தெரியாமலா இருக்கிறது? சில சமயம் அவனுக்கு அது அளவுக்கு மீறித் தெரிகிறது. செண்டை மேளம் உங்களுக்கு மேளம், அவனுக்குக் காதுக்குள் ஆணி. கோயில் கொடைக்கோ பெருவிழாவுக்கோ போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கூட்டம் சேருமுன் விடியற்காலையில் போங்கள், காதை மூடும் ஹெட்போன் ஒன்று பையில் இருக்கட்டும், வெடி போடும் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.

மொபைலால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளை விவரித்து எழுதியபோதுதான் ஆட்டிசம் இன்று நாம் சொல்லும் பொருளில் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. அன்றைக்கு ஏது மொபைல்? அதன் பிறகு பல வருடங்களுக்கு, பாசம் காட்டாத தாயால்தான் இது வருகிறது என்று படித்தவர்களே எழுதினார்கள். 'ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்' என்று பெயரும் வைத்தார்கள். அது தவறென்று தெரிந்த பிறகு தடுப்பூசி மாட்டிக்கொண்டது. அந்தப் பழியைக் கிளப்பிய 1998-ம் வருடக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது மொபைல். பழி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் வந்து விழுவது பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான். இதற்கான காரணத்தில் பெரும்பகுதி பிறப்புக்கு முன்பே, மூளை உருவாகும் விதத்திலும் மரபணுக்களிலும் இருக்கிறது. அதற்காக மொபைலை அவன் கையிலேயே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூடி சுற்றும் அந்த நேரம் மொபைலுக்குப் போய்விடக் கூடாது என்பதே என் கவலையும்.

ஸ்டெம்செல் (மூல உயிரணுக்களை உடலில் செலுத்தும் சிகிச்சை) வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், விளம்பரப்படுத்திச் செய்வது தொழில்நெறி மீறல் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. மஸ்கட் வெயிலில் சம்பாதித்த காசு. பேச்சுப் பயிற்சிக்கும் பஸ் கூலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு மகன்தான். எல்லா வீட்டிலும் இப்படித்தான், சத்தம் போடும் பிள்ளை கடிதத்தை நிறைத்துவிடும். ஏ.டி.எச்.டி. என்றால் சுவர் ஏறிக் குதிக்கும் பையன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெண்பிள்ளைகளில் அது பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. மூன்று மணி நேரம் வரைகிறாளே, கவனம் இல்லாமலா என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்குக் கவனம் இருக்கிறது, அதைத் திருப்பிவிடுகிற இடத்தில்தான் சிக்கல். மேம்பாலம் வருவதற்கு முன்னிருந்த மார்த்தாண்டம் ஜங்ஷனை நினைத்துப் பாருங்கள். பஸ், லாரி, பள்ளி வேன், மீன்கூடை கட்டிய எம்.80 வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கை நுழைக்கும், கை காட்ட போலீஸ்காரர் இல்லை. அவள் மனத்துக்குள் கணக்கும், பக்கத்துப் பெண்ணின் வளையல் சத்தமும், நேற்றுப் பார்த்த பூனையும் அப்படித்தான் வருகின்றன. பிடித்த வேலை வந்தால் அந்தச் சாலை ஒருவழிப் பாதை ஆகிவிடும்.

ஐந்தாம் வகுப்பு வரை எப்படிச் சமாளித்தாள்? ஒரே டீச்சர், ஒரே அறை, சாயங்காலம் பக்கத்தில் நீங்கள். அவளுக்கு வேண்டிய போலீஸ்காரர் வேலையை நீங்களும் அந்த டீச்சரும் பார்த்தீர்கள். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஆசிரியர், வீட்டில் கைக்குழந்தை, அப்பா வெளிநாட்டில். தாங்கிப் பிடித்த கை எடுபட்டதும் சிக்கல் வெளியே தெரிந்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அதனால் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். 'கவனம் போதாது', 'அவசரப்படுகிறாள்' என்று ஏதாவது குறிப்பு இருக்கும். இல்லவே இல்லை, எல்லாம் சமீபத்தில் திடீரென்று வந்தது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, கண் பார்வை, தூக்கம், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்ப்போம். யாராவது தொல்லை கொடுக்கிறார்களா என்றும் தனியாக, அமைதியாக ஒருமுறை கேளுங்கள். பதின்மூன்று வயதுப் பெண் திடீரென்று மாறினால் அதைக் கேட்காமல் விடக் கூடாது.

தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்றா, நான்தான் அதிகமாகப் படித்துக் குழம்புகிறேனோ என்று நினைக்காதீர்கள். இரண்டும் பெரும்பாலும் மரபுவழி வருபவை, பல மரபணுக்கள் பொதுவானவை. ஒரே பிள்ளைக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்து இருக்கலாம் என்பதையே அந்த 2013 கையேடுதான் முதலில் ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய பதிப்பின்படி இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். சில அப்பாக்கள் பிள்ளைக்காகக் கேள்விப் படிவம் நிரப்பும்போது பாதியில் பேனாவை வைத்துவிட்டு, 'டாக்டர், இது நான்தானே' என்பார்கள்.

மகளுக்கு ஏ.டி.எச்.டி. உறுதியானால் மருந்து வருமா? வரலாம். அதற்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். 1944-ல் ஒரு சுவிஸ் வேதியியலாளர் அதை உருவாக்கி, மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் என்று வைத்தார். 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அது தூக்கமாத்திரை இல்லை, பிள்ளையை மந்தமாக்கவும் கூடாது. அப்படி ஆக்கினால் அளவு தவறு, மருத்துவரிடம் சொல்லுங்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டக் கட்டுப்பாடுள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் இருக்காது, சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். அதுவும் நல்லதுதான். மருந்து மட்டும் போதாது. வீட்டுப் பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள், நடுவில் எழுந்து நடக்கட்டும். குடை, பேனா, டிபன் பெட்டிக்கு வாசலில் ஒரே கூடை. பள்ளியில் முன் பெஞ்ச், சன்னலுக்கு எதிர்ப்பக்கம். டியூஷனைக் குறையுங்கள். ஏழு மணி நேரம் பள்ளியில் உட்கார முடியாத பிள்ளையை மேலும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது என்ன வைத்தியம்? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமைக்கு நம் பிள்ளைகள் கொடுக்கிற விலையில் டியூஷனும் ஒன்று என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

சலுகைகள் விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆகவே மகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம்போல சலுகைகள் கேட்கலாம், பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்கு ஆட்டிசம் உறுதியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். பள்ளி வயது வந்ததும் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள்.

டீச்சரிடம் சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் மகளிடம் முதலில். 'உன்கிட்ட தப்பு இல்லை, உன் கவனம் ஓடுற விதம் வேற. அதைப் பிடிக்க நாம வழி கத்துக்கலாம்' என்று சொல்லும்போது அவள் அழுவாள். இத்தனை நாள் திமிர் என்று சொன்னதை அவளும் நம்பியிருப்பாள். அவள் சம்மதித்த பிறகு வகுப்பு ஆசிரியரிடம் போங்கள். குறை சொல்ல வந்தவர் மாதிரிப் போகாமல், 'முன் பெஞ்ச் கிடைக்குமா, வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதினாளா என்று ஒரு பார்வை பார்க்க முடியுமா' என்று இரண்டே உதவி கேளுங்கள். மகள் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், செத்துப் போகலாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் 14416-ல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையில் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மாமியாரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். அவருடைய பயம் பிள்ளைகள்மேல் உள்ள பாசத்திலிருந்து வருகிறது. கோயிலில் கயிறு கட்டட்டும், பக்கத்து வீட்டுக்காரர் ஜெபிக்க வந்தால் ஜெபிக்கட்டும். புகை போடுவது, பட்டினி போடுவது, அடிப்பது மட்டும் கூடாது, ஆஸ்பத்திரி நாளைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒருமுறை அவரையே பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள். பேரன் 'சுத்து' என்று சொல்லும் நாளில் அவர் ஊரெல்லாம் சொல்வார்.

கல்யாணக் கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், சில சம்பந்தங்கள் விலகிப் போகும். பொய் சொல்ல விரும்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. 2011-ல் நம் மாவட்ட மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டால் 14,000 பேருக்கு மேல் வர வேண்டும். அத்தனை பேரை நீங்கள் எந்தக் கல்யாண வீட்டில், எந்தத் திருவிழாவில் பார்த்திருக்கிறீர்கள்? பொண்ணு கேட்டு வரும் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம், வேறு ஏதாவது ஒரு பெயரில். மகளுக்கு இன்னும் பத்து வருடமாவது இருக்கிறது. அதற்குள் அவள் படித்து, தன் குடையைத் தானே தொலைக்காமல் வைத்துக்கொண்டு, தனக்கு என்ன என்று தானே சொல்லத் தெரிந்தவளாக நின்றால், அதைக் கேட்டு விலகுகிற வீடு விலகட்டும்.

கணவரிடம் இன்று ராத்திரியே பேசுங்கள். வீடியோ காலில் மகன் இரண்டு நிமிடம் சிரித்துவிட்டு ஓடுவதைத்தான் அவர் பார்க்கிறார். அவனைக் கூப்பிடுவது, அவன் திரும்பாதது, மூடி சுற்றுவது, எதையாவது கேட்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு நிமிட வீடியோவாக எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அதே வீடியோக்கள் எங்களுக்கும் வேண்டும். ஆஸ்பத்திரியில் புது முகத்தைப் பார்த்ததும் பிள்ளை வேறு மாதிரி ஆகிவிடுவான்.

பெராவுக்குத் தேதி கிடைத்ததும் ஒன்று. அது பிள்ளை தூங்கும்போது செய்யும் சோதனை. முந்தின நாள் ராத்திரி அவனைத் தாமதமாகப் படுக்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் சன்னல் காற்று பட்டதும் கண் சொக்கும், அங்கேதான் பலரும் தோற்றுப்போகிறார்கள். வழியில் தூங்கிவிட்டால் ஆசாரிப்பள்ளம் வந்து இறங்கும்போது முழு விழிப்போடு இருப்பான், சோதனை இன்னொரு நாளுக்குப் போய்விடும். மகளையும் கூட்டி வாருங்கள், வழி முழுக்க அவனுக்கு விளையாட்டுக் காட்டி விழித்திருக்க வைப்பது அவள் வேலை. குக்கர் மூடியைப் பையில் போட மறக்க வேண்டாம்.